பழைய மாருதி ஒரு பொழுதுபோக்காகுமா?

பொழுதுபோக்குக்கென்று ஒரு கார் வைத்துக்கொள்வது செல்வந்தர் வீட்டுப் பேச்சு என்றே நம்மில் பலர் எண்ணுகின்றோம். சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் மதரஸா ஆசிரியனாகிய நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். 1998ஆம் ஆண்டு மாருதி 800 ஒன்று எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகே அந்த எண்ணம் மாறிற்று.

இந்தக் காரை அறியாதவர் இலர். 1983 டிசம்பர் 14 அன்று அன்றைய பிரதமர் இந்திரா காந்தி முதல் காரின் சாவியை வழங்கினார். 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. இடையே 25 இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் விற்றன. ஆதலால் இதன் உதிரிபாகங்கள் சிற்றூர்க் கடைகளிலும் கிடைக்கின்றன; இதன் நாடி பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கும் ஊருக்கொருவர் இருக்கின்றார். பொழுதுபோக்குக் காருக்கு முதல் தகுதி இதுவே என்பேன்.

இதில் என்ன இன்பம் என்று நீங்கள் கேட்கலாம். 796 சி.சி. கொள்ளளவில் மூன்று சிலிண்டர் எஞ்சின். ஏறக்குறைய 650 கிலோ எடை. 12 அங்குலச் சக்கரங்கள். பவர் ஸ்டியரிங் கிடையாது. பாரம் குறைந்த வண்டியாதலால் கையைச் சற்றே அசைத்தால் உடனே கீழ்ப்படிகின்றது; சாலையின் மேடு பள்ளமெல்லாம் உள்ளங்கைக்கு வந்து சேர்கின்றன. மணிக்கு 40 கிலோமீட்டரிலேயே ஓட்டுபவனின் மனம் நிறைந்துவிடுகின்றது. இதே எஞ்சினைப் பொருத்தி 'ஃபார்முலா மாருதி' என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களையும் செய்தார்கள். 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், ஸ்ரீபெரும்புதூர்ப் பந்தயத் திடலில் தம் முதல் பந்தயத்தை ஓட்டியது அத்தகைய காரில்தான்!

இனி நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். புதுப் பெயின்ட்டின் பளபளப்பில் மயங்கி, காலடி விரிப்பைத் தூக்கிப் பார்க்காமலே பணத்தைக் கொடுத்துவிட்டேன். முதல் மழையிலேயே என் மனைவியின் காலடியில் தண்ணீர் தேங்கிற்று. விரிப்பை அகற்றினால், தரைத் தகடு துருவேறிச் சல்லடையாய்க் கிடந்தது. புதுத் தகடு பற்றவைக்க, வாங்கிய விலையில் பாதி வேண்டியிருந்தது. "பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் போக மிஞ்சியதில் செய்யுங்கள், வட்டிக் கடன் மட்டும் நம் வாசலுக்கு வரக் கூடாது" என்று என் மனைவி முன்னரே நிபந்தனை விதித்திருந்தார். ஆகவே நான்கு மாதம் வண்டி செங்கல் மீது நின்றது. கோழி அடைக்கலாமே என்று அண்டைவீட்டார் யோசனை கூறினர்!

எஞ்சின் பழுதானால் சரிசெய்துவிடலாம், துரு அப்படியன்று. வாங்குமுன் விரிப்பைத் தூக்குங்கள், வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள். ஆர்.சி. புத்தகத்தின் காலமும் முக்கியம். 15 ஆண்டு கடந்த காருக்கு ஐந்தாண்டுக்கொரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாயிற்று. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாயிற்று. வாங்கும் விலையோடு இதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் காரில் ஏர்பேக் இல்லை. மோதினால் தாங்கும் உடலும் இதற்கில்லை. எனவே குடும்பத்தோடு நெடுஞ்சாலைப் பயணம் செல்ல நான் இதை எடுப்பதே இல்லை, பேருந்தில்தான் செல்கின்றோம். ஊரைச் சுற்றியுள்ள வயல்வெளிச் சாலைகளே எங்களுக்குப் போதும்.

மதரஸா விடுமுறையான வெள்ளிக்கிழமை காலையில், ஜும்ஆவுக்குக் குளிக்கும் நேரம்வரை, வண்டியோடு இருப்பேன். மூன்று ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றித் துலக்குவது இப்போது என் மகளின் பொறுப்பு. கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் குறைவு என்று அவளே கூறிவிடுகின்றாள். சென்ற வாரம் கழற்றியபோது, "அத்தா, நடுவில் உள்ளது மட்டும் ஏன் கறுத்திருக்கிறது?" என்று கேட்டாள். கார்புரேட்டர் குற்றமென்றால் மூன்றுமல்லவா கறுத்திருக்க வேண்டும்? வரும் வெள்ளிக்கிழமை, இன்ஷா அல்லாஹ், அந்த ஒயரை மாற்றிப் பார்க்கப் போகின்றோம்.