கால்வாய் நீரும் கழனி மக்களின் உடல்நலமும்

பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணி, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் தொலைவே ஓடுகின்ற சிறிய ஆறு. தமிழகத்திலேயே தோன்றித் தமிழகத்திலேயே கடலை அடையும் ஆறு என்று இதனைச் சிறப்பித்துக் கூறுவது நம்மிடையே வழக்கம். அச்சிறப்புக்கு மற்றொரு பொருளும் உண்டு. இவ்வாற்று நீர் கெடுமாயின், அதற்காக அண்டை மாநிலத்தார் எவரையும் நாம் குறைகூற இயலாது.

கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் ஈறாக எட்டு அணைக்கட்டுகள் இவ்வாற்றின் குறுக்கே அமைந்துள்ளன. அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களே காரும் பிசானமும் என இரு போகம் நெல் விளைவித்தன, வாழையையும் வளர்த்தன. அவற்றுள் இரண்டு நம் கருத்துக்கு இங்கு உரியவை. சுத்தமல்லி அணைக்கட்டில் பிரியும் நெல்லைக் கால்வாய், பேட்டை வழியாக நகருக்குள் வந்து நயினார்குளத்தை நிரப்புகின்றது. பழவூர் அணைக்கட்டில் பிரியும் பாளையங்கால்வாய், மேலப்பாளையத்தையும் பாளையங்கோட்டையையும் தொட்டுக்கொண்டு கிழக்கே பல குளங்களுக்குச் செல்கின்றது. இவை வெட்டப்பட்ட நாளில் கரையின் இருபுறமும் வயல்களே இருந்தன. இன்று கரையோரம் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளும் தச்சநல்லூரும் இணைந்து 1994ஆம் ஆண்டில் மாநகராட்சியாயின. மாநகரம் வளர்ந்த விரைவில் அதன் சாக்கடை வளரவில்லை. பாதாளச் சாக்கடைத் திட்டம் பின்னர் வந்தது. இராமையன்பட்டியில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் அமைந்தது. ஆயினும் குழாயில் சேராத வீட்டுக் கழிவுநீர், பள்ளம் நோக்கித் தானே செல்லும். நகரின் பள்ளம் கால்வாய்தான்.

ஐதராபாத்தில் மூசி ஆற்றங்கரை உழவர் தாம் பாய்ச்சுவது சாக்கடை நீர் என்பதை நன்கறிவர். மெக்சிகோ நகரின் கழிவுநீரைக் கொண்டு பயிர் செய்யும் மெஸ்கித்தால் பள்ளத்தாக்கு உழவரும் அறிவர். நம் பகுதியின் நிலைமையோ வேறு. இங்கு எவரும் சாக்கடைப் பாசனம் செய்வதாகக் கருதுவதில்லை. ஆற்றுப் பாசனம் செய்வதாகவே கருதுகின்றனர். மடையைத் திறப்பவருக்கு அது தாமிரபரணித் தண்ணீர். அணைக்கட்டில் அது உண்மையே. நகரைக் கடந்த பின்னர் அது முழு உண்மையன்று. இந்த அறியாமையே இவ்வட்டாரத்தில் கழிவுநீர் தரும் கேட்டின் பெரும்பகுதி என்பது நம் கருத்து.

கண்ணுக்குப் புலப்படாதவை

வீட்டுக் கழிவுநீர் முற்றிலும் தீயது என்று கூறுவது நேர்மையாகாது. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் நிரம்ப உள்ளன. உரக்கடைக்குப் போகாமலே பயிர் கறுகறுவென்று தழைப்பதைக் கண்டு உழவர் மகிழ்வதுண்டு. தழைச்சத்து மிகுந்தால் நெற்பயிர் சாயும், முதிர்ச்சி தாமதமாகும், பூச்சி தேடி வரும் என்பது வேறு செய்தி. ஆனால், அச்சத்துகளோடு கூடவே வருவனவற்றைத்தான் நாம் இங்கு ஆராய வேண்டும்.

மனித மலத்தோடு வெளியேறும் நுண்ணுயிர்களுள் வாந்திபேதி, குடற்காய்ச்சல் ஆகியவற்றின் கிருமிகளும், மஞ்சள் காமாலையை உண்டாக்கும் நச்சுயிரியும் அடங்கும். இவை வெயிலிலும் காற்றிலும் நாள்கணக்கில், மிஞ்சினால் வாரக்கணக்கில் மடிந்துவிடும். நாக்குப் பூச்சி என்று நம் பாட்டிமார் கூறும் உருண்டைப் புழுவின் முட்டை அத்தகையதன்று. தடித்த ஓடு கொண்ட அம்முட்டை, ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் ஆண்டுக்கணக்கிலும் உயிரோடு கிடக்கவல்லது. உலக சுகாதார நிறுவனம் 1989இல் வெளியிட்ட நெறிமுறைகளில், பாசனக் கழிவுநீரில் லிட்டருக்கு ஒரு புழுமுட்டைக்கு மேல் இருத்தலாகாது எனக் கூறியதன் காரணம் இதுவே. பச்சையாக உண்ணும் பயிர்களுக்குப் பாய்ச்சும் நீரில், 100 மில்லி லிட்டருக்கு மலக்கிருமிகள் ஆயிரத்தைத் தாண்டலாகாது என்றும் அது வரையறுத்தது.

ஒரு லிட்டரில் ஒரு முட்டை! எவர் கண்ணால் காண்பது? இஸ்லாமியச் சட்டநூல்கள் நீரின் தூய்மையை நிறம், மணம், சுவை என்னும் மூன்றால் அறியச் சொல்வதை இம்மலரைப் படிக்கும் பெரியவர்கள் நன்கறிவர். கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்துவது பற்றிய கேள்வி எழுந்தபோது, சவூதி அரேபியாவின் மூத்த மார்க்க அறிஞர் பேரவை 1978ஆம் ஆண்டில் இம்மூன்றையே அளவுகோலாகக் கொண்டு, முற்றாகச் சுத்திகரிக்கப்பட்ட நீர் தூய்மையானதே எனத் தீர்ப்பளித்தது. அத்துடன் அவர்கள் நிறுத்தவில்லை. அந்நீரால் உடலுக்குத் தீங்கு நேருமாயின், அசுத்தம் என்பதற்காக அன்றித் தீங்கு என்பதற்காகவே அதனைத் தவிர்ப்பது நன்று என்றும் கூறினர். தூய்மை வேறு, தீங்கின்மை வேறு என்னும் இந்நுட்பம் பாசன நீருக்கும் பொருந்தும். கால்வாயில் நீர் பெருகி ஓடும் நாளில் சாக்கடையின் நிறமும் நாற்றமும் கரைந்துபோகும். முட்டைகள் அனைத்தும் கரைந்துபோவதில்லை.

உண்பவரும் உழைப்பவரும்

கழிவுநீர்ப் பாசனம் என்றவுடன் நம் அச்சம் உணவுத் தட்டின் மீதே செல்கின்றது. அது காரணமற்ற அச்சமன்று. 1970இல் ஜெரூசலம் நகரில் வாந்திபேதி பரவியபோது, சாக்கடை நீரில் விளைந்து பச்சையாக உண்ணப்பட்ட காய்கீரைகளே அதனைப் பரப்பின எனக் கண்டறிந்தனர். சிலி நாட்டின் சாந்தியாகோவில் குடற்காய்ச்சல் நெடுங்காலம் தணியாதிருந்தது. 1991இல் வாந்திபேதிக்கு அஞ்சிச் சாக்கடை நீரில் காய்கறி விளைவிப்பதைத் தடுத்தபோது, குடற்காய்ச்சலும் உடன் குறைந்தது.

ஆனால், தாமிரபரணிப் படுகையின் தலையாய பயிர்கள் நெல்லும் வாழையும். நெல் உமி நீங்கி, கொதிநீரில் வெந்தே நம்மிடம் வருகின்றது. வாழைப்பழம் தோலுரித்து உண்ணப்படுவது. சமைப்பதால் கிருமிகள் பத்து லட்சத்தில் ஒரு பங்காகவும், தோலுரிப்பதால் நூற்றில் ஒரு பங்காகவும் குறைகின்றன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு நெறிமுறைகளில் காணும் கணக்கு. வெறும் நீரில் கழுவுவது பத்தில் ஒரு பங்காகவே குறைக்கின்றது. ஆகவே, நம் சோற்றைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. அச்சோற்றின் அருகே வைக்கும் தயிர்ப் பச்சடியில் தூவிய கொத்தமல்லியையும், அரைத்துச் சமைக்காமல் பரிமாறும் புதினாத் துவையலையும் பற்றிச் சற்று எண்ண வேண்டும். வாழை மண்ணுக்கு மேலே உயர்ந்து நிற்பதால் அதன் இலை இயல்பில் தூய்மையானது. வெட்டிய இலைக்கட்டை வாடாதிருக்கக் கால்வாய் நீரில் நனைப்போமாயின், உயரம் தந்த காப்பு அங்கே போய்விடும். பந்தியில் இலைமீது நீர் தெளித்துத் துடைப்பதும் கழுவுதலாகாது.

உண்மையான சுமையைத் தாங்குபவர் வயலில் நிற்பவர். நாற்றுப் பறித்தலும் நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலைகள். முழங்காலளவுச் சேற்றில் வெறுங்காலோடு பகல் முழுவதும் குனிந்து நிற்கின்றனர். ஈர மண்ணில் வாழும் கொக்கிப்புழுவின் இளம்புழு, வாய்வழியே வர வேண்டுவதில்லை. பாதத்தின் தோலைத் துளைத்தே உள்ளே புகும். குடலில் பற்றிக்கொண்டு சிறுகச் சிறுகக் குருதியை உறிஞ்சும். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. சோகை மட்டும் வளரும். "உடம்பு அசதியாயிருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த நாளும் நடவுக்குச் செல்லும் தாயின் நோயை எந்த மருத்துவமனைப் பதிவேடும் கால்வாயோடு இணைத்து எழுதப்போவதில்லை. கருவுற்ற பெண்ணுக்குச் சோகை எத்தகைய இடர் என்பதை விளக்க வேண்டியதில்லை. காலில் வெடிப்போ கீறலோ இருந்தால் எலிக்காய்ச்சல் கிருமியும் அவ்வழியே நுழையும். இரப்பர்க் காலுறை அணியுங்கள் என்று நகரத்தார் அறிவுரை கூறுவது எளிது. நடவுச் சேற்றில் அதனை அணிந்து நான்கு அடி எடுத்து வைத்துப் பார்த்தவர் அவ்வாறு கூறார்.

குளங்கள் செய்யும் பணி

இவ்விடத்தில் நம் முன்னோரின் நீரமைப்பு நமக்குக் கைகொடுக்கின்றது. மெஸ்கித்தால் பள்ளத்தாக்கில் நடந்த ஆய்வுகளில், கழிவுநீரை நேரே பாய்ச்சிய குடும்பங்களைக் காட்டிலும், நீர்த்தேக்கத்தில் தங்கிய பின்னர்ப் பாய்ச்சிய குடும்பங்களில் உருண்டைப் புழுத்தொல்லை குறைவாகக் காணப்பட்டது. காரணம் எளியது. முட்டை நீரைவிடக் கனமானது. ஓடாமல் நிற்கும் நீரில் அது அடியில் படிந்துவிடும். நிலைப்படுத்தும் குட்டைகளில் 8 முதல் 10 நாள் நீரைத் தேக்கினாலே போதுமான பயன் உண்டு என்பது 1989ஆம் ஆண்டு நெறிமுறைகளின் கணிப்பு. நம் கால்வாய்கள் குளங்களை நிரப்புமாறு அமைந்தவை. குளத்தில் சில நாள் தங்கி மடைவழியே வெளியேறும் நீர், நகருக்குள் கால்வாயிலிருந்து நேரே திருப்பும் நீரினும் பாதுகாப்பானது. குளத்தைத் தூர்த்து மனைகளாக்குவோர், நீரை மட்டுமன்றி இவ்வடிகட்டியையும் அழிக்கின்றனர்.

இதில் ஒரு கண்ணியும் உண்டு. படிந்த முட்டைகள் வண்டலில் கிடக்கின்றன. கோடையில் குளத்து வண்டலை வெட்டி வயலுக்கு அடிப்பது நல்ல உழவுமுறை. நகரச் சாக்கடை வந்து சேரும் குளமாயின், அவ்வண்டலைக் கீரைப் பாத்திக்கு இடாமல் நெல்வயலுக்கோ தோப்புக்கோ இடுவதும், சிறுவரை அதில் விளையாட விடாதிருப்பதும் நலம்.

ஆலைக் கழிவைப் பற்றி ஒரு சொல். வீட்டுக் கழிவின் கிருமி வெயிலில் சாகும். சாயக் கழிவின் உப்பும் உலோகமும் சாகா. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை திருப்பூர்ச் சாயநீரின் தேக்கமாய் மாறியதையும், பாலாற்றுப் படுகையின் தோல் பதனிடும் ஊர்களைப் பற்றி உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பளிக்க நேர்ந்ததையும் நாடறியும். நம் கால்வாய்களில் கலப்பது பெரிதும் வீட்டுக் கழிவே என்பது, இன்னும் திருத்தத்துக்கு இடமுண்டு என்பதைக் காட்டுகின்றது.

தாமிரபரணியில் சாக்கடை கலப்பது பற்றிய வழக்கில், 2024 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் இருவர் நெல்லைக்கு நேரில் வந்து ஆற்றைப் பார்வையிட்டனர். ஆற்றுக்குக் கிடைத்த இக்கவனம் கால்வாய்களுக்கும் கிடைக்க வேண்டும். குழாய் இணைப்பும் சுத்திகரிப்புமே முடிவான தீர்வு. அது வரும்வரை செய்யத்தக்கவை சில உள. நகருக்குக் கிழக்கே கால்வாய் நீரில் கீரை, கொத்தமல்லி விளைவிப்போர் கிணற்று நீருக்கு மாறலாம். அது இயலாதெனில், அறுவடைக்குச் சில நாள் முன்னரே கால்வாய் நீரை நிறுத்தினால், வெயில் நாள்தோறும் கிருமிகளைக் குறைக்கும். நடவு முடிந்து கரையேறும் பெண்கள் கைகால் கழுவுவது அதே கால்வாயில்தான். வயலுக்குரியவர் ஒரு குடம் நல்ல நீரும் ஒரு சோப்புக் கட்டியும் வரப்பில் வைப்பது பெருஞ்செலவன்று.

குடற்புழுவுக்கு மருந்தும் உண்டு, ஒற்றை மாத்திரை. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளன்று அங்கன்வாடிகளிலும் பள்ளி, கல்லூரிகளிலும் 19 வயதுவரை உள்ளோருக்கு அதனை விலையின்றி வழங்குகின்றனர். நம் மாணவர் பலர் அதனை விழுங்கியிருப்பர். பிசான நடவுக்குச் சேற்றில் இறங்கும் நாற்பது வயதுத் தாய் அவ்வயது வரம்புக்குள் வருவதில்லை.