இன்னும் அகப்படாத சந்திரன்

நமது பூமிக்கு ஒரு சந்திரன். சனிக்கோ நூற்றுக்கும் மேல். அப்படியானால், சூரியக் குடும்பத்துக்கு வெளியே கண்டறியப்பட்டுள்ள 5,000க்கும் மேற்பட்ட கோள்களுக்குச் சந்திரன்கள் இல்லையா? இருக்கத்தான் வேண்டும். ஆனால், அவற்றில் ஒன்றுகூட இன்னும் உறுதிசெய்யப்படவில்லை. ஏன் என்று தேடி வாசித்தபோது நான் அறிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரு கோள் தன் விண்மீனுக்கு முன்னால் கடக்கும்போது, விண்மீனின் ஒளி சிறிது குறைகிறது. மின்குமிழுக்கு முன்னால் பூச்சி பறப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோளுக்குச் சந்திரன் இருந்தால் இரண்டு தடயங்கள் கிடைக்கலாம். ஒன்று, சந்திரனும் ஒளியை மறைப்பதால் ஏற்படும் இன்னொரு சிறிய ஒளிக்குறைவு. மற்றது நேரம். கோளும் சந்திரனும் பொதுவான திணிவு மையத்தைச் சுற்றுவதால் கோள் சற்று அசையும். எனவே அது சில வேளை முந்தியும் சில வேளை பிந்தியும் கடக்கும்.

கெப்லர்-1625பி என்ற கோள் ஏறத்தாழ வியாழன் அளவானது. தன் விண்மீனை 287 நாட்களில் சுற்றுகிறது. 2017 அக்டோபரில் அலெக்ஸ் டீச்சி, டேவிட் கிப்பிங் ஆகிய ஆய்வாளர்கள் ஹபிள் தொலைநோக்கி மூலம் அதனை 40 மணித்தியாலம் அவதானித்தனர். கோள் எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ 78 நிமிடங்கள் முந்தி வந்தது. அது கடந்த பின்னர் இன்னொரு சிறிய ஒளிக்குறைவும் தெரிந்தது. அது முடியுமுன் அவர்களுக்குரிய நேரம் முடிந்துவிட்டது. நெப்டியூன் அளவான சந்திரன் ஒன்று இருக்கலாம் என்று கணக்குக் காட்டியது. இருந்தும் 2018இல் அவர்கள் "கண்டுபிடித்துவிட்டோம்" என்று அறிவிக்கவில்லை. மேலும் அவதானிக்க வேண்டும் என்றே கூறினர்.

2019இல் லோரா கிரைட்பேர்க் குழுவினர் அதே தரவுகளை வேறு முறையில் ஆராய்ந்தனர். கோள் முந்தி வந்தது உண்மையே. ஆனால் அந்தச் சிறிய ஒளிக்குறைவைக் காணவில்லை. முந்தி வந்ததற்கு வேறொரு கோளின் ஈர்ப்பும் காரணமாகலாம். விவாதம் இன்றும் முடியவில்லை.

இதை வாசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் ஊசல் பரிசோதனை செய்தபோது, நேர்கோட்டில் விழாத ஒரு புள்ளியை அழிறப்பரால் அழித்திருந்தேன். வரைபு அழகாக வந்தது, ஆசிரியையும் பாராட்டினார். நான் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த பரிசோதனையிலும் ஒரு புள்ளி விலகியது. அதை அப்படியே விட்டு, பக்கத்தில் "மீண்டும் அளக்க வேண்டும்" என்று எழுதினேன்.