வண்டி நிறுத்துமிடத்தில் விஞ்ஞானம்

திருவனந்தபுரம் நகரை அடுத்த ஆக்குளத்தில், 66-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஓரமாக, 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் லுலு வணிக வளாகம் திறந்துவைக்கப்பெற்றது. 3,500-க்கு மேற்பட்ட வண்டிகளை நிறுத்த அங்கு இடமுண்டு. 1963-இல் தும்பாவில் ராக்கெட்டின் பாகங்களைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிச் சென்ற நகரம் இது. இன்று மோட்டார் வண்டியை எங்கே நிறுத்துவது என்பதே அங்குப் பெரும் பிரச்சினையாகி விட்டது. இந்நாளில் பெரிய வளாகங்களின் நிறுத்துமிடங்களில் தானே உயரும் தடுப்புக் கட்டையையும், கூரையில் பச்சையும் சிவப்புமாக ஒளிரும் விளக்குகளையும் முதன்முறை காண்போர் சற்றுத் திகைப்பது இயல்பே. ஆயினும் இவற்றின் அடிப்படை, உயர்நிலைப்பள்ளிப் பௌதிகத்திற்கு அப்பாற்பட்டதன்று.

இடம் காலியாக உள்ளதா என்பதை அறியும் கருவியை முதலில் நோக்குவோம். ஒவ்வோர் இடத்திற்கும் மேலே கூரையில் பொருத்தப்படும் இச்சிறு கருவி, வௌவாலைப் போன்று, மனிதச் செவிக்கு எட்டாத ஒலியைக் கீழ்நோக்கி அனுப்புகிறது. அதன் அதிர்வெண் பெரும்பாலும் வினாடிக்கு 40,000 ஆகும். எதிரொலி திரும்பி வர எடுக்கும் நேரமே கணக்கிற்கு ஆதாரம். 30 பாகை வெப்பத்தில் காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர். கருவி தரையிலிருந்து 2.5 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். தரை காலியாயின், ஒலி போய்த் திரும்பும் தூரம் 5 மீட்டர். நேரம், வினாடியை ஆயிரம் பங்காக்கினால் சுமார் 14 பங்கு. 1.5 மீட்டர் உயரமுள்ள கார் நின்றால் தூரம் 2 மீட்டராகக் குறைகிறது. எதிரொலி 6 பங்கிற்குள் வந்துவிடும். உடனே விளக்கு சிவப்பாகிறது. ஆசிரியர்கள் இக்கணக்கை வகுப்பில் கரும்பலகையிலேயே செய்து காட்டலாம்.

செலவு குறைந்த மற்றொரு முறையும் உண்டு. வாயிலில் தரைக்கு அடியில் கம்பிச் சுருள் ஒன்றைப் புதைத்து, அதில் மாறுமின்னோட்டத்தைச் செலுத்துவர். மேலே வண்டி வரும்போது அதன் உலோக அடிப்பாகத்தில் சுழல் மின்னோட்டம் தோன்றிச் சுருளின் மின்தூண்டலைக் குறைக்கிறது. அதனால் வண்டி வந்ததை அறியலாம். உள்ளே வந்தவற்றின் தொகையிலிருந்து வெளியேறியவற்றைக் கழித்தால் எஞ்சிய இடம் தெரிந்துவிடும். எனினும் இம்முறையை முற்றிலும் நம்புதல் கூடாது. உலோகம் குறைந்த ஸ்கூட்டர் சில வேளைகளில் கணக்கிற்குத் தப்பிவிடும். நுழைவாயிலில் நூற்றுக்கு ஒன்று தப்பினாலும், 2,000 வண்டிகள் வரும் நாளில் 20 இடங்கள் பொய்யாகக் காலி எனப் பலகையில் தோன்றும். கூரைக் கருவியில் அத்தகைய பிழை சேர்ந்துகொண்டே போவதில்லை.

வாயிலில் உள்ள காமிரா, வண்டியின் எண் பலகையைப் படம்பிடித்து எழுத்துகளைப் பிரித்தறிகிறது. ஆங்கில ‘பி’ எழுத்தும் 8 என்னும் இலக்கமும் உருவில் ஒத்திருப்பதால் மயக்கம் ஏற்படக்கூடும். ஆனால் திருவனந்தபுரத்து வண்டியாயின் ‘கே.எல். 01’ என்றும், நாகர்கோவில் வண்டியாயின் ‘டி.என். 74’ என்றும் முதலில் இரண்டு எழுத்து, பின்னர் இரண்டு இலக்கம் என்ற ஒழுங்கு உள்ளமையால், எவ்விடத்தில் எது வரவேண்டும் என்பதைக் கொண்டு இயந்திரம் திருத்திக்கொள்கிறது. சேறு படிந்த பலகையைப் படிக்க மட்டும் எந்த ஒழுங்கும் உதவாது. மழைக்காலத்தில் காவலரின் கண்ணே துணை. 2021 பிப்ரவரி முதல் சுங்கச் சாவடிகளில் கட்டாயமாக்கப்பட்ட ஃபாஸ்டாக் பட்டையைச் சில நிறுத்துமிடங்களிலும் பயன்படுத்துகின்றனர். அதில் மின்கலம் இல்லை. வாயிற்கருவி வீசும் ரேடியோ அலையிலிருந்தே ஆற்றல் பெற்று, தன் எண்ணைத் தெரிவிக்கிறது.

இவையெல்லாம் வெறும் வசதிக்காகவா என்று வினவலாம். அன்று. நிலவறையில் இடம் தேடிச் சுற்றும் ஒவ்வொரு பெட்ரோல் வண்டியும் கார்பன் மோனாக்ஸைடை வெளியிடுகிறது. நிறமோ மணமோ இல்லாத இவ்வாயு, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் பிராணவாயுவைவிட 200 மடங்கிற்கும் மேலான பற்றுடன் சேர்கிறது. சில நிமிடங்களில் வெளியேறும் பிரயாணிக்கு இது பெரிதன்று. எட்டு மணி நேரம் அங்கேயே நின்று பணிபுரியும் காவலருக்கு அவ்வாறு சொல்லவியலாது. ஆதலின் நச்சுவாயுவை அளந்து காற்றாடிகளை இயக்கும் கருவியும் விளக்குகளைப் போலவே முக்கியமானது. அது பழுதுறின் எவர் கண்ணிலும் படாது.

படமெடுத்த எண்ணை எத்தனை நாள் வைத்திருப்பது என்பது வேறொரு வினா. ஒருவர் எந்நாளில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் வந்திருந்தார் என்பது அவ்வெண்ணிலிருந்து தெரிந்துவிடும். தனிநபர் மின்னணுத் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது; தகவல் திரட்டப்பட்ட நோக்கம் நிறைவேறியபின் அதனை அழித்துவிட வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. கட்டணம் செலுத்தி வண்டி வெளியேறியபின் நிறுத்துமிடத்தின் நோக்கம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.