பழைய எலெக்ட்ரிக் கார் வாங்கப் போறீங்களா? கிலோமீட்டரை விட பேட்டரியைப் பாருங்க!

அண்ணாமலை நகரிலிருந்து கடலூர் போய்த் திரும்பினால் சுமார் 90 கிலோமீட்டர். தினமும் காரில் இப்படி ஓடுகிறவர்களின் சம்பளத்தை பெட்ரோல் செலவு நன்றாகவே பதம் பார்த்துவிடும். ‘எலெக்ட்ரிக் காருக்கு மாறிடலாமா?’ என்று யோசித்தால், புது வண்டியின் விலை கையைக் கடிக்கிறது. அடுத்து வரும் யோசனை, ‘செகண்ட் ஹேண்டில் பார்க்கலாமே!’

யோசனை தப்பில்லை. டாடா நெக்ஸான் இ.வி., எம்.ஜி. இசட்.எஸ். இ.வி. இரண்டுமே 2020 ஜனவரியில் விற்பனைக்கு வந்தவை. அப்போது வாங்கியவர்கள் இப்போது விற்கிறார்கள். விலையும் புது வண்டியைவிட நன்றாகவே குறைந்திருக்கும். ஆனால், பெட்ரோல் காரை வாங்கும்போது நமக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போய், இன்ஜின் சத்தத்தையும் புகையையும் பார்ப்போம் இல்லையா? அந்த வழக்கம் இங்கே உதவாது. எலெக்ட்ரிக் காரிலேயே விலை அதிகமான பாகம் பேட்டரிதான். வாரண்டி முடிந்தபின் அது படுத்துவிட்டால், மாற்றுவதற்கு லட்சக்கணக்கில் செலவாகும். சில பழைய கார்களின் விலையையே அது தாண்டிவிடும்.

பேட்டரியில் எவ்வளவு மிச்சம்?

செல்போனில் ‘பேட்டரி ஹெல்த்’ பார்ப்பது போலத்தான் இதுவும். புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவில் இப்போது எத்தனை சதவீதம் மிச்சம் என்பதைச் சொல்வது ‘ஸ்டேட் ஆஃப் ஹெல்த்’, சுருக்கமாக எஸ்.ஓ.எச். அந்த கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலேயே இதைச் சோதித்து, எழுத்துப்பூர்வமாக ரிப்போர்ட் கேளுங்கள். ரிப்போர்ட் எடுக்க விற்பவர் தயங்கினால், நீங்களும் அட்வான்ஸ் கொடுக்கத் தயங்குங்கள்.

எத்தனை சதவீதம் இருந்தால் நல்லது? கனடாவின் ஜியோடேப் நிறுவனம் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், எலெக்ட்ரிக் வண்டிகளின் பேட்டரி ஆண்டுக்குச் சராசரியாக 1.8 சதவீதம் கொள்ளளவை இழப்பதாகத் தெரியவந்தது. ஐ.நா. அமைப்பு 2022-ல் ஏற்ற உலகத் தொழில்நுட்ப விதியோ, 5 ஆண்டு அல்லது 1 லட்சம் கி.மீ. வரை குறைந்தது 80 சதவீதமும், 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ. வரை 70 சதவீதமும் மிஞ்ச வேண்டும் என்கிறது. ஆக, ஐந்து வயது வண்டியில் 90 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நிம்மதி. 80-க்குக் கீழே என்றால் விலையை நன்றாகக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விலகிவிடுங்கள்.

நம்ம ஊர் வெயிலையும் மறக்க வேண்டாம். சூடுதான் பேட்டரியின் முதல் எதிரி. 100 சதவீதம் சார்ஜ் ஏற்றி, நாள் கணக்கில் வெயிலில் நிறுத்திய வண்டியும், எப்போதும் ஃபாஸ்ட் சார்ஜரிலேயே ஓடிய வண்டியும் சீக்கிரம் தேயும். எங்கே நிறுத்தினார்கள், எங்கே சார்ஜ் போட்டார்கள் என்று கேளுங்கள்.

நீங்களே போடக்கூடிய கணக்கு

தெருமுனை வரை ஓட்டிப் பார்ப்பது டெஸ்ட் டிரைவ் ஆகாது. சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை போய் வாருங்கள். கிளம்பும்போது சார்ஜ் எத்தனை சதவீதம், திரும்பும்போது எத்தனை, கிலோமீட்டருக்குச் சராசரியாக எத்தனை வாட் ஹவர் செலவாகியிருக்கிறது என்று திரையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

உதாரணமாக, 30.2 யூனிட் பேட்டரி கொண்ட பழைய நெக்ஸான். 90 கி.மீ. ஓடியது. சராசரிச் செலவு 140 வாட் ஹவர். அப்படியானால் மொத்தம் 12.6 யூனிட். சார்ஜ் 90-லிருந்து 45 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால், 45 சதவீதம் என்பது 12.6 யூனிட், 100 சதவீதம் என்பது 28 யூனிட். 30.2-க்கு 28 என்றால் சுமார் 93 சதவீதம். இது துல்லியமான அளவீடு இல்லைதான். ஆனால், ரிப்போர்ட்டில் இருப்பதும் இதுவும் வெகுதூரம் விலகினால் உஷாராகிவிடலாம்.

இன்னொன்று, அந்த காருக்குச் சோதனையில் கிடைத்த ரேஞ்ச் 312 கி.மீ. ஏசி போட்டு ரோட்டில் ஓட்டினால் 200 கி.மீ. என்று கணக்கு வைப்பதே பாதுகாப்பு. சென்னைக்குப் போக வழியில் ஒருமுறை சார்ஜ் போட்டே ஆக வேண்டும். அதனால் வாங்கும் முன்பே ஒரு ஃபாஸ்ட் சார்ஜரில் பத்து நிமிடமாவது செருகிப் பாருங்கள்.

வாரண்டி உங்களுக்கும் வருமா?

பல கம்பெனிகள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ. வாரண்டி தருகின்றன. ‘எது முதலில் வருகிறதோ அது’ என்பதைக் கவனியுங்கள். சில புதிய மாடல்களின் ‘வாழ்நாள் வாரண்டி’ முதல் உரிமையாளருக்கு மட்டும்தான். கை மாறினால் சுருங்கிவிடும். உங்கள் பெயருக்கு மாறினால் என்ன மிஞ்சும் என்று ஷோரூமில் கேட்டு வாங்குங்கள். சர்வீஸ் தவறியிருந்தால் வாரண்டிக்கே சிக்கல் வரலாம். சர்வீஸ் ரெக்கார்டு முழுதும் வேண்டும்.

பேட்டரி யாருடையது என்பதும் முக்கியம். 2024 செப்டம்பரில் வந்த எம்.ஜி. விண்ட்சரை, பேட்டரிக்குத் தனியாகக் கிலோமீட்டர் வாடகை கட்டும் திட்டத்திலும் விற்றார்கள். அப்படி வாங்கிய வண்டி என்றால், அந்தப் பாக்கியை முடித்த பிறகே பேசுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா?

கடலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30-ல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலும், தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் நினைவிருக்கும். முந்தைய ஆண்டு சென்னையை மிக்ஜாம் மூழ்கடித்தது. பேட்டரி பெட்டிக்கு ‘ஐ.பி. 67’ தரம் இருக்கிறதே என்பார்கள். அது ஒரு மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்குமா என்ற சோதனை. சேற்றுநீரில் இரண்டு நாள் நின்ற வண்டிக்கு அது பொருந்தாது.

சீட் பெல்ட்டை முழுசா இழுத்து, அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். லிஃப்டில் ஏற்றி, பேட்டரி பெட்டியின் அடியில் துரு, நசுங்கல், வேகத்தடை உரசல் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். ஆரஞ்சு நிற ஒயர்களை மட்டும் யாரும் தொடக்கூடாது. அது உயர் மின்னழுத்தம்.

இன்ஷூரன்ஸ் பாலிசியில் ‘நோ க்ளெய்ம் போனஸ்’ எத்தனை சதவீதம் என்றும் பாருங்கள். ஒரே உரிமையாளரிடம் நான்கு வருடம் இருந்த வண்டியில் அது பூஜ்யம் என்றால், அண்மையில் க்ளெய்ம் வாங்கியிருக்க வாய்ப்பு உண்டு. எதற்கு என்று கேளுங்கள்.

பேப்பர் வேலை

பச்சை நம்பர் பிளேட்டில் எழுத்து வெள்ளையா, மஞ்சளா? மஞ்சள் என்றால் வாடகை வண்டி, நிறைய ஓடியிருக்கும். பெயர் மாற்ற 29, 30-ம் எண் படிவங்கள் வேண்டும். லோன் இருந்தால் 35-ம் எண் படிவமும் வங்கியின் தடையின்மைச் சான்றும் வேண்டும். புதுச்சேரி பதிவு எண் என்றால், பக்கத்து ஊராக இருந்தாலும் அது வேறு பிரதேசம்; 28-ம் எண் படிவத்தில் அங்கிருந்து தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

‘பழைய இ.வி.க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.’ என்ற பேச்சைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் சொன்னது, பதிவு பெற்ற வியாபாரியின் லாபத்துக்கு மட்டும்தான் அந்த வரி. தனிநபரிடம் நேரடியாக வாங்கினால் இல்லை.

சாவியோடு சார்ஜிங் கேபிளையும் வாங்குங்கள். மொபைல் ஆப்பிலிருந்து பழைய உரிமையாளரின் கணக்கை உங்கள் முன்னாலேயே நீக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, வீட்டு மீட்டர்

மாதம் 25 நாள், தினம் 90 கி.மீ. யூனிட்டுக்கு 7 கி.மீ. என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 640 யூனிட்டுக்கு மேல். வீட்டு மின்சாரத்தோடு சேர்ந்தால் 500 யூனிட் அடுக்கைத் தாண்டி, கட்டணம் எகிறும். அப்போதும் பெட்ரோலைவிட லாபமாகவே இருக்கும். ஆனால், மிச்சமாகும் தொகையை இந்த பில்லோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வாடகை வீடு என்றால், 15 ஆம்ப்ஸ் பிளக், சரியான எர்த்திங், மீட்டரிலிருந்து தனி ஒயர் ஆகியவற்றுக்கு வீட்டு ஓனர் சம்மதிக்க வேண்டும். தேர் வீதிகளில் தெருவோரம் வண்டி நிறுத்துகிறவர்கள், எங்கே சார்ஜ் போடுவது என்று முடிவு செய்த பிறகு கார் தேடுவதே நல்லது.