நாட்டு விதையும் வீட்டுத்தோட்டமும்

காய்கறி விதைகளை நாட்டு விதை என்றும் கடை விதை என்றும் இரண்டாகப் பகுத்துப் பேசுதல் யாழ்ப்பாணத்தில் நெடுநாள் வழக்கு. வீட்டிலே துணியில் முடிந்து வைத்தெடுத்தது முன்னையது. நிறப்படம் அச்சிட்ட பையில் விலைக்கு வந்தது பின்னையது. அன்றாடப் பேச்சுக்கு இப்பாகுபாடு போதும். ஆயின், தன் வளவிற் காய்த்ததன் விதையை ஆண்டுதோறும் எடுத்து வைத்து மீண்டும் விதைக்க விரும்புவோருக்கு இது போதாது. சில வேளைகளில் வழி தவறவும் செய்யும்.

முதற்கண் ‘நாட்டு’ என்னும் சொல்லை நோக்குவோம். மிளகாய், தக்காளி, பூசனி என்பன அமெரிக்கக் கண்டத்துக்கு உரியன. 1492 இல் கொலம்பசு அப்பக்கஞ் சென்ற பின்னரே அவை கீழைத்தேயங்களுக்கு வந்தன. மிளகாய் இல்லாத கறியை இன்று நாம் நினைத்துப் பார்க்கவும் இயலாதெனினும், முற்கால ஆரியச்சக்கரவர்த்திகளின் அடுக்களையில் அஃது இருந்ததில்லை. ஆகவே, பிறப்பிடங் கொண்டு நாட்டு விதையை வரையறுத்தல் பொருந்தாது. ஒரு மண்ணிலே பல தலைமுறையாக விதைக்கப்பட்டு, அம்மண்ணின் வெயிலையும் கிணற்று நீரையும் தாங்கி நின்றவற்றிலிருந்து வீட்டாரால் தெரிந்தெடுக்கப்பட்டு, தாயை ஒத்த சேயைத் தருவது எதுவோ அதுவே நாட்டு விதை எனலாம்.

இனிக் கடை விதையும் ஒருதன்மைத்தன்று. மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தின் பெயரெழுத்துக்களைத் தாங்கிய எம்.ஐ. 2 என்னும் மிளகாயும், எம்.ஐ. 5 என்னும் வெண்டியும் விவசாயத் திணைக்களம் பரப்பிய இனங்கள். இவை ஆராய்ச்சியாளர் தெரிந்தெடுத்தவையேயாயினும் தம்மைப் போன்றவற்றையே பிறப்பிப்பன. இவற்றின் விதையை வீட்டில் எடுத்து வைத்து விதைத்தல் கூடும். அங்ஙனஞ் செய்யலாகாதவை முதற்சந்ததிக் கலப்பினங்களே.

அதன் காரணத்தை மெண்டல் 1866 இல் வெளியிட்ட ஆய்வு விளக்கும். அவர் நெடிய பட்டாணிச் செடியையும் குறுகிய பட்டாணிச் செடியையும் கலந்தார். முதற்சந்ததி முழுவதும் நெடிதாய் வளர்ந்தது. அச்செடிகளைத் தன்மகரந்தச்சேர்க்கைக்கு விட்டபோது, இரண்டாஞ் சந்ததியின் 1064 செடிகளில் 787 நெடியனவாகவும் 277 குறுகியனவாகவும் பிரிந்தன. உயரமென்னும் ஒரு குணத்திலேயே இப்பிரிவு தோன்றுமாயின், காயின் வடிவு, நிறம், சுவை, நோயெதிர்ப்பு எனப் பல குணங்களில் வேறுபட்ட இரு பெற்றோரின் கலப்பினத்தில் எவ்வளவு பிரிவு தோன்றும் என்பதை மாணவர் தாமே கணித்தறியலாம். கலப்பினத் தக்காளியின் விதையை எடுத்து விதைத்துவிட்டு, ஒன்று சிறிதும் ஒன்று பெரிதுமாய்க் காய்ப்பதைக் கண்டு கடைக்காரரை வைவோர் உளர். பழி கடைக்காரர் மீதன்று.

கலப்பினத்தை இழித்துரைப்பது என் கருத்தன்று. சந்தைக்குப் பயிரிடுவோருக்கு ஒரே அளவான காய் ஒரே காலத்தில் வேண்டும். விளைச்சலும் மிகுதியாக வேண்டும். அவற்றை அது தருகின்றது. வீட்டுத்தோட்டத்தின் தேவையோ வேறு. ஐந்து பேர் உண்ணும் வீட்டிலே ஒரே கிழமையில் அரை அந்தர் கத்தரிக்காய் முற்றுவதனால் ஆவதென்ன? நாளுக்கு நாலு காயாக மூன்று நான்கு மாதம் காய்க்குஞ் செடியே அவ்வீட்டுக்கு உகந்தது. ஒரே சீராக முற்றாமை என்று சந்தை குறை கூறும் இயல்பு அடுக்களைக்கு நன்மையாகின்றது.

விதை எடுப்போர் அறிய வேண்டிய முதன்மையான செய்தி பூவின் இயல்பு. பயிற்றை, அவரை, தக்காளி ஆகியன பெரும்பாலும் தம் பூவிலுள்ள மகரந்தத்தையே ஏற்பன. ஒரே வளவில் இரண்டு இனங்களைச் சிறிது இடைவெளி விட்டு நட்டாலும் பெருங்கேடில்லை. கத்தரியும் மிளகாயும் அவ்வாறு செய்யக்கூடியவையேனும் தேனீ முதலியவற்றால் அயன்மகரந்தமும் பெறும். உறைப்பு மிளகாய்க்கு அருகே கறிமிளகாய் நின்றால், அவ்வாண்டுக் காயில் யாதொரு மாற்றமும் தோன்றாது. ஏனெனில் காயின் தசை தாய்ச்செடிக்கே உரியது. கலப்பு விதைக்குள்ளே மறைந்திருந்து, மறு ஆண்டு வளருஞ் செடியிலே வெளிப்படும். வெண்டியின் பெரிய பூ ஒரு நாளே விரிந்திருப்பினும், அந்த ஒரு நாளிலும் தேனீக்கள் தம் வேலையை முடித்துவிடும்.

பூசனி, பாகல், புடலை, சுரை, பீர்க்கு என்பவற்றில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. எனவே ஒரே இனத்தின் இரு வகைகள் அருகருகே நிற்பின் கலப்பு உறுதி. பூசனிக்கும் நீற்றுப்பூசனிக்கும் அவ்வச்சமில்லை. பெயரால் உறவாயினும் அவை வெவ்வேறு பேரினங்களைச் சார்ந்தன. பூசனியைத் தூய்மையாகக் காக்க விரும்புவோர், மறுநாள் விரியவிருக்கும் ஆண்மொட்டொன்றையும் பெண்மொட்டொன்றையும் மாலையிலே தெரிந்து நுனியை நூலாற் கட்டிவிடுதல் வேண்டும். விடியற்காலையில் ஆண்பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவிலுள்ள குறியிலே தடவி, மீண்டும் கட்டிவிட வேண்டும். பெண்மொட்டின் அடியில் பிஞ்சு காணப்படுவதால் அதனை அறிதல் எளிது. புடலை இரவில் மலர்வதாதலின் அதற்கு இவ்வேலையை விளக்கொளியிற் செய்ய நேரிடும். மாணவருக்கு இதனிலும் சிறந்த தாவரவியற் செய்முறை கிடைத்தல் அரிது.

பூவினும் பெரிய இடர் அடுக்களையில் இருக்கின்றது. முதலிற் காய்த்த நல்ல காய்களெல்லாம் கறிக்குப் போக, செடி ஓய்ந்த காலத்தில் எஞ்சி நிற்குங் கோணற் காயை விதைக்கு விடுதல் பல வீடுகளில் நடப்பது. அங்ஙனம் பிந்திக் காய்த்ததையும் மெலிந்ததையுமே நாம் ஆண்டுதோறும் தெரிந்தெடுப்போமாயின், அவ்வினம் பையப் பையப் பிந்திக் காய்ப்பதாகவும் மெலிந்ததாகவும் மாறும். பின்னர் நாட்டு விதைக்கு வலுவில்லை என்கிறோம். கறிக்கென முதற்காயைப் பறிக்குமுன்னரே விதைச்செடியைக் குறித்தல் வேண்டும். நோயின்றி நின்று, வேளைக்குக் காய்த்து, சுவையும் உடையவாகிய ஐந்தாறு செடிகளின் தண்டிலே நிறத்துணி கட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று நல்ல காய்களை விட்டு வைக்கலாம். ஒரே செடியை நம்புதல் தகாது. அதனிடம் இல்லாத குணங்கள் அத்துடன் அற்றுப்போம்.

விதைக்கு விட்ட காய் முற்ற வேண்டிய அளவு முற்றவேண்டும். கத்தரி ஊதா நிறம் மாறி மஞ்சளாகவோ கபிலமாகவோ பழுக்கும்வரை நிற்கட்டும். வெண்டி மரத்திலேயே உலர்ந்து வெடிக்கத் தொடங்க வேண்டும். புடலை செம்மஞ்சளாகிப் பிளக்கும். தக்காளி விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பு முளைத்தலைத் தடுப்பதாதலால், அதனைச் சாற்றோடு இரண்டு நாள் புளிக்க வைத்துப் பின் கழுவுதல் முறை. ஐப்பசி மழையோடு நட்ட பயிர் தை, மாசியில் விதை முற்றும். அக்காலத்து மழையற்ற வெயில் குடாநாட்டுக்குக் கிடைத்த பேறு. எனினும் நண்பகலிற் சீமெந்து நிலத்திலும் தகரத்திலும் பரப்பினால் விதை வெந்துவிடும். காலை வெயிலும் காற்றோட்டமுள்ள நிழலுமே ஏற்றவை.

நன்கு காய்ந்த விதையைச் சாம்பலோடோ காய்ந்த வேப்பிலையோடோ போத்தலில் இறுக மூடி வைக்கலாம். ஈரம் போகாத விதையை அவ்வாறு மூடுவது, துணியில் முடிந்து வைப்பதினும் பெருங்கேடு. விதையின் ஈரம் நூற்றுக்கு ஒரு பங்கு குறையுந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பதும், வைக்குமிடத்தின் வெப்பம் 5 பாகை குறையுந்தோறும் அவ்வாறே என்பதும் விதையியலார் கண்ட பொது விதி. நம்மவர் சாம்பலை நாடியதும் அடுப்புக்கு மேலே விதைச்சுரையைத் தொங்கவிட்டதும் ஈரத்தையும் பூச்சியையும் எண்ணியே.

எவ்வளவு பேணினும் விதை சாவாமருந்து உண்டதன்று. வீட்டு வெப்பத்தில் மிளகாய் விதையும் கத்தரி விதையும் சில ஆண்டுகளே முளைக்கும். இதனை யாழ்ப்பாணத்தார் மறத்தற்கில்லை. 1990 ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதுமே ஓரிரவிற் பெயர்ந்தது. காணிகள் பின்னர் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது, இருபது ஆண்டுகளின் மேலும் கழித்து மீண்டவர் பலர். கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கலாம், வேலியை மீண்டும் அடைக்கலாம். சுவரிடுக்கில் விட்டுச்சென்ற விதைப்போத்தல் உடையாமலே கிடைத்திருப்பினும் அதிலுள்ள விதை முளைக்கப்போவதில்லை. போன இடத்திலே யாரேனும் அதை விதைத்து, மீண்டும் விதை எடுத்து வந்திருந்தாலன்றி அவ்வினம் அவ்வீட்டுக்கு இல்லை.

பேராதனைக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையில், தாவரப் பிறப்புரிமை வளங்களுக்கென யப்பான் அரசின் உதவியோடு நிறுவப்பட்ட நிலையத்தில் நம் நாட்டுப் பயிரினங்கள் பலவற்றின் விதைகள் குளிரறையிற் பேணப்படுகின்றன. அரிய பணி அது. ஆயினும் அங்குச் சேர்க்கப்பட்டது சேர்க்கப்பட்ட காலத்து விதை. அதன்பின் வந்த வெயிலையும் புதிய நோயையும் அது கண்டதில்லை. ஒரு வீட்டுத் தட்டில் இன்னமும் சேர்க்கப்படாதிருக்கும் பாகலுக்கு அந்நிலையமும் துணையில்லை.

பழைய முடிச்சு வைத்திருப்போர் அடுத்த ஆவணியில் நாற்றுமேடை போடுமுன் இருபது விதையை எண்ணி, ஈரத்துணியிற் சுருட்டி, பத்து நாள்வரை காயாமற் பார்க்கலாம். முளைத்தவற்றை ஐந்தாற் பெருக்கினால் நூற்றுவீதம் வரும். பத்துக்கு மேல் முளைப்பின் வழக்கம்போல் விதைக்கலாம். இரண்டோ மூன்றோ முளைப்பினும் எறிந்துவிடலாகாது. அவற்றைச் சட்டியிலே தனித்து வளர்த்து, அவ்வாண்டுக் காய் முழுவதையும் விதைக்கே விட்டு, வந்த விதையை மூன்றாகப் பங்கிட்டு ஒரு பங்கை உறவினர் வளவிலும் ஒரு பங்கை அயலூர் நண்பர் வளவிலும் போடச் சொல்லலாம். ஓரிடத்து மாரி வெள்ளம் மற்றோரிடத்துப் பயிரைக் கொள்ளாது.