கப்பலில் வந்தவர்கள் ரப்பர் காட்டில் ஊன்றிய கதை

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து வெளியே வரும் தமிழ்த் தொழிலாளர்களிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால், கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலை என்று பதில் வரும். நடுவில் ஒருவர் "சுள்ளியா" என்பார். இன்னொருவர் "கூடலூர்" என்பார். "அதற்கு முன்னால்?" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். பாட்டனும் பாட்டியும் பிறந்தது இலங்கையில், பதுளை, அட்டன், நுவரெலியா பக்கம் ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில்!

சர்க்கார் காகிதங்களில் இவர்களுக்குப் பெயர் "தாயகம் திரும்பியோர்". திரும்பியவர்களில் பெரும்பாலோர் அந்தத் தாயகத்தை அதற்கு முன் கண்ணால் கண்டதே இல்லை.

பங்கு போட்ட ஒப்பந்தம்

1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்த தோட்டத் தொழிலாளர்களை ஒரே நாளில் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ந் தேதி பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும், இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் அவர்களையும் பாதிக்குப் பாதி பிரித்துக் கொண்டார்கள். தேயிலைச் சிப்பத்தைப் பங்கு போடுவது போல மனிதர்களைப் பங்கு போட்டார்கள். அந்த மனிதர்களை ஒரு வார்த்தை கேட்டவர் யாரும் இல்லை.

எல்லாரும் ஆசைப்பட்டு வந்துவிடவில்லை. இந்தியக் குடியுரிமை கேட்டு மனுச் செய்தவர்கள், ஒப்பந்தம் போட்டவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. 1973, 74-ல் தோட்டங்களில் பஞ்சம் வந்தது. மாவுக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடு. பட்டினிச் சாவுகளும் நடந்தன. 1977-ல் கலவரம். அதன் பிறகுதான் "இனி இங்கே பிழைக்க முடியாது" என்று பல குடும்பங்கள் மூட்டை கட்டின.

ஒப்பாரிக் கோச்சி

இலங்கையில் ரயிலைக் கோச்சி என்பார்கள். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு இவர்களை ஏற்றிவந்த ரயிலுக்குத் தோட்டத்து மக்கள் வைத்த பெயர் "ஒப்பாரிக் கோச்சி". அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை. மகளுக்கு இந்தியா, பெற்றவளுக்கு இலங்கை. ஸ்டேஷனில் கேட்ட அழுகையே ரயிலுக்குப் பெயராகி விட்டது.

தலைமன்னாரில் கப்பல் ஏறினால் ராமேஸ்வரம். அங்கிருந்து மண்டபம் முகாம். ஒரு காலத்தில் கங்காணிகள் பின்னால் இலங்கைக்குப் போன கூலிகளை நோய் பரவாமல் தடுத்து வைத்துப் பரிசோதித்து அனுப்பியதும் இதே மண்டபத்தில்தான். பாட்டன் போன வாசல் வழியாகவே பேரன் உள்ளே வந்தான்!

முகாமில் குடும்ப அட்டை பார்த்து, யாருக்கு எங்கே மறுவாழ்வு என்று சொல்வார்கள். பெரும்பாலோருக்குக் கிடைத்தது தொழில் கடன், 5,000 ரூபாய். கொழுந்து கிள்ளவும் கவ்வாத்து வெட்டவும் மட்டுமே அறிந்தவன், முன்பின் தெரியாத சமவெளி ஊரில் என்ன கடை வைப்பான்? கடன் பணத்தில் தரகர்கள் பங்கு கேட்டார்கள். மிச்சம் சாப்பாட்டில் கரைந்தது. வெயில் தாங்காமல் பலர் மலையைத் தேடி ஓடினார்கள். கொடைக்கானல் மலையில் மரம் வெட்டப் போனவர்களில் சிலர் கொத்தடிமைகளாகவே சிக்கிக் கொண்டார்கள்.

தோட்ட வேலை கிடைத்தவர்கள் ஓரளவு தப்பினார்கள். நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்கள், கேரளத்தில் புனலூர் பக்கம் ரப்பர் தோட்டங்கள், கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர் வட்டாரத்தில் வனவளர்ச்சிக் கழகத்தின் ரப்பர் தோட்டங்கள் என்று குடும்பங்கள் பிரித்து அனுப்பப்பட்டன.

கொழுந்துக்குப் பதில் பால்

சுள்ளியா வந்தவர்களுக்குக் குளிர் மலையும் இல்லை, தேயிலையும் இல்லை. கொட்டும் மழை, அட்டை, அடர்ந்த காடு. ரப்பர் கன்று நட்டால் பால் வெட்ட ஆறேழு வருஷம் காத்திருக்க வேண்டும். அதுவரை குழி வெட்டுவதும் களை எடுப்பதும்தான் வேலை. மரம் தயாரான பிறகு, பொழுது விடியும் முன்பே கத்தியோடு கிளம்ப வேண்டும். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாகப் பாய்ந்தால் மரம் கெட்டுப் போகும். முதுகில் கூடை சுமந்து இரு கையாலும் கொழுந்து பறித்துப் பழகிய பெண்கள், இந்தக் கை நிதானத்தைப் புதிதாகக் கற்றுக் கொண்டார்கள். அதைக் கற்றுக் கொண்டவர்களுக்குத்தான் சம்பளம் நிலைத்தது.

வீட்டுக்குள் மட்டும் இலங்கை இருந்தது. கோதுமை மாவு ரொட்டி, தேங்காய்ச் சம்பல், சாயத் தண்ணி. வாசலைத் தாண்டினால் துளு, கன்னடம். பெரியவர்கள் சந்தைக்கு வேண்டிய நாலு வார்த்தையோடு நிறுத்திக் கொண்டார்கள். பிள்ளைகள் கன்னடப் பள்ளியில் படித்துக் கன்னடத்திலேயே எழுதினார்கள். தாய்மொழி பேசத் தெரியும், படிக்கத் தெரியாது என்ற தலைமுறை அங்கே உருவாயிற்று. பெங்களூரில் பிள்ளை வளர்க்கும் தமிழர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இலங்கையில் இவர்களை "கள்ளத்தோணி" என்று ஏசினார்கள். தமிழ்நாட்டுக்கு வந்தால் "சிலோன்காரன்". கர்நாடகத்தில் "தமிழன்". எந்த ஊரிலும் அந்த ஊர்க்காரன் என்ற பெயர் மட்டும் எளிதில் கிடைக்கவில்லை. சாதிச் சான்றிதழுக்கு அலுவலகம் அலுவலகமாக அலைந்த கதையைச் சுள்ளியாவில் கேட்கலாம். பூர்வீக ஊருக்கு ஆதாரம் கேட்டால், நூறு வருஷத்துக்கு முன் கப்பல் ஏறிய பாட்டன் என்ன ரசீதா வாங்கி வைத்துப் போனான்?

இன்னொரு கவலை வீடு. தோட்ட வேலையில் இருக்கும்வரைதான் தோட்டத்து வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். நீலகிரியிலும் இதே தொல்லை. போதாக்குறைக்கு, அங்கே அரசு தேயிலைத் தோட்ட நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க 2022-ல் உத்தரவாயிற்று. அதனால்தான் பிள்ளைகள் பால் வெட்டவும் கொழுந்து பறிக்கவும் நிற்கவில்லை. திருப்பூர், கோயம்புத்தூர், பெங்களூர் என்று இறங்கிவிட்டார்கள். பொம்மசந்திராவில் வாடகை அறை எடுத்துத் தங்கி, ஊரில் அப்பா அம்மாவுக்கு ஒரு துண்டு நிலம் வாங்கப் பணம் சேர்க்கிறவர்களும் அவர்களில் உண்டு.

கப்பல் நின்ற பிறகு

ஒப்பந்தத்தின்படி இந்தியா வந்தவர்கள் ஏறத்தாழ 1,16,000 குடும்பங்கள், 4,60,000 பேர். இலங்கையில் போர் மூண்டதால் 1984-ல் கப்பல் நின்றது. இந்தியக் குடியுரிமை பெற்றும் கப்பல் ஏற முடியாமல் எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கேயே தங்கிவிட்டார்கள். 2003-ல் இலங்கை நாடாளுமன்றம் தனிச் சட்டம் செய்து, நாடற்று நின்றவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. ஸ்டேஷனில் கையசைத்துவிட்டுப் பின்தங்கிய தம்பி, அப்படித்தான் பிறந்த மண்ணுக்குச் சொந்தக்காரன் ஆனான்.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் விட்டார்கள். ராமேஸ்வரம், தலைமன்னார் கப்பல் திரும்ப வரவில்லை. சுள்ளியாவில் இருக்கும் அக்காளுக்கு அட்டனில் இருக்கும் தம்பியைப் பார்க்க ஆசை வந்தால், பாஸ்போர்ட் எடுத்து, பெங்களூர் வந்து, விமானத்தில் கொழும்பு போக வேண்டும்.