தொழிற்களத்தில் மாணாக்கர்

'பயில்' என்னுஞ் சொல் ஊன்றி நோக்கத்தக்கது. படித்தல் என்னும் பொருளிலேயே இன்று நாம் அதனைப் பெரிதும் வழங்குகின்றோம். ஆயின் அடிக்கடி நிகழ்தல், பழகுதல், நெருங்கியிருத்தல், ஓரிடத்தே தங்குதல் என்னும் பொருள்களும் அதற்கு உண்டு. மரங்கள் செறிந்து நிற்கும் சோலையைக் குறிக்கவும் புலவர் இச்சொல்லை ஆள்வர். ஆகவே, ஒருவன் ஒரு தொழிலைப் பயின்றான் என்றால், அத்தொழில் நடக்கும் இடத்தில் அவன் நெடுநாள் தங்கினான், அதனைச் செய்வாரோடு நெருங்கிப் பழகினான் என்பதும் அச்சொல்லுள்ளே அடங்கிக் கிடக்கின்றது.

இச்சொல்லாராய்ச்சி இங்கு எழுந்ததற்குக் காரணம் உண்டு. கணினி விஞ்ஞானம் கற்கும் பல்கலைக்கழக மாணாக்கரைப் பட்டம் பெறுமுன்னரே மாதக்கணக்கில் தொழில் நிலையங்களுக்கு அனுப்பும் முறை நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் வேரூன்றிவிட்டது. அதனைப் பற்றி ஆசிரியரிடையே இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. இலக்கணம் கற்பிக்கும் பண்டிதனுக்கு இதில் என்ன அலுவல் என்று நண்பர் ஒருவர் நகைத்தார். கற்றல் எவ்வாறு நிகழ்கின்றது என்னும் வினா கணினி ஆசிரியர்க்கு மாத்திரம் உரியதன்று என்பதே யான் அவருக்குக் கூறிய விடை.

இம்முறையின் தொடக்கம் கணினிக்கு முந்தியது. அமெரிக்காவின் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் ஹேர்மன் ஷ்னைடர் என்னும் பொறியியற் பேராசிரியர் 1906 ஆம் ஆண்டில் 27 மாணாக்கரைக் கொண்டு இதனைத் தொடங்கினார். மாணாக்கர் இருவர் இருவராகப் பிணைக்கப்பட்டனர். ஒருவர் வகுப்பில் இருக்கும்போது மற்றவர் தொழிற்சாலையில் இருப்பார். பின்னர் இருவரும் இடம் மாறுவர். வேலையும் தடைப்படாது, படிப்பும் தடைப்படாது.

இதனைப் பெருமரமாக வளர்த்த பெருமை கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள வாட்டர்லூப் பல்கலைக்கழகத்துக்கு உரியது. குட்றிச் டயர்க் கம்பனியின் கனடியக் கிளைத் தலைவராயிருந்த ஐரா நீடில்ஸ் என்பார், நாட்டுக்கு 1,50,000 பொறியியலாளர் வேண்டும் என 1956 ஆம் ஆண்டில் ஓர் உரை நிகழ்த்தினார். அவர்களை உருவாக்குதற்கு வகுப்பறையும் தொழிற்சாலையும் மாறிமாறி வரும் ஏற்பாட்டையும் அவ்வுரையில் வகுத்துக் காட்டினார். அடுத்த ஆண்டு, 1957 இல், 74 மாணாக்கருடன் வகுப்புகள் தொடங்கின. ஒரு பல்கலைக்கழகமே இவ்வேற்பாட்டின்மீது அடித்தளமிட்டு எழுந்தது என்பது வியப்பன்றோ! இன்று அங்கு இம்முறையிற் கற்போர் 20,000 பேருக்கு மேற்பட்டவர்.

கணக்கைப் பார்ப்போம். இப்பொழுது அங்கே ஒரு தவணை என்பது நான்கு மாதம். கணினி விஞ்ஞான மாணாக்கர் எட்டுத் தவணை வகுப்பிற் கற்கின்றனர்; ஆறு தவணை வரை தொழில் நிலையங்களிற் பணிபுரிகின்றனர். படிப்பு 32 மாதம், தொழில் 24 மாதம். கூட்டினால் நான்கு ஆண்டும் எட்டு மாதமும் ஆகும். தொழிற்றவணையில் ஊதியம் உண்டு. ஒரு கந்தோரில் முதலிலும், வேறொன்றில் அடுத்த முறையும் இருக்கலாம். விரும்பினால் ஒன்றற்கே மீளலாம். பிரித்தானியாவில் வேறொரு முறை உண்டு. இரண்டாம் ஆண்டுக்கும் இறுதி ஆண்டுக்கும் நடுவே ஓர் ஆண்டு முழுவதையும் தொழிலுக்கு ஒதுக்குவர். இரண்டனுள் மாறிமாறிச் செல்லும் முறையே சிறந்தது என்பது என் துணிபு. காரணம் பின்னர் வரும்.

நான்கு மாதம் எதற்கு, ஆறு கிழமை போதாதோ என்பாருக்கு, மென்பொருள் நிலையத்திற் புகும் மாணாக்கன் முதல் மாதத்தில் என்ன செய்கின்றான் என்பதைக் கூறுதல் வேண்டும். பயன் தருவது யாதொன்றும் செய்வதில்லை! பெரிய செய்நிரல் ஒன்று பலர் கையால் பல ஆண்டுகளாக எழுதப்பட்டது. பல இலட்சம் வரிகள் கொண்டது. எழுதியோருள் சிலர் வேலையை விட்டுப் போயுமிருப்பர். புதியவன் அதனை வாசித்துத் திரிகின்றான். ஒரு வரியை மாற்றினால் எங்கோ ஒரு மூலையிற் பிறிதொன்று கெடும். பல்கலைக்கழகத்தில் அவன் எழுதியவையெல்லாம் தானே தொடங்கித் தானே முடித்தவை. பிறர் எழுதியதை விளங்கிக்கொண்டு அதனுள் தன் கையை நுழைத்தல் அவனுக்குப் புதிது.

பின்னர்ச் சிறு திருத்தம் ஒன்று அவனிடம் ஒப்படைக்கப்படும். அதனை அவன் செய்து முடித்ததும் மூத்தவர் ஒருவர் வரிவரியாக வாசித்து, இது ஏன், இப்பெயர் தெளிவற்றது, இவ்விடத்தில் வெற்று மதிப்பு வந்தால் யாது நேரும் என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவார். மூன்று முறை நான்கு முறை திரும்பி வருவதும் உண்டு. ஏட்டுப்பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடங் கண்டோர்க்கு இவ்வேலையின் சுவை தெரியும். இரண்டாம் மாதத்தில் அவனுக்கெனச் சற்றுப் பெரிய பகுதி கிடைக்கும்; மூன்றாம் மாதத்தில் அது மக்கள் கைக்குப் போகும்; நான்காம் மாதத்திலேதான் அதன் குறை வெளிப்படும். ஆறு கிழமையில் விடைபெற்றுச் செல்வோன் தன் பிழையின் முகத்தைக் காணாமலே போய்விடுகின்றான். அவன் விருந்தாளி. நான்கு மாதம் இருந்தவனோ, தன்னால் நேர்ந்ததைத் தானே திருத்திவிட்டு வருகின்றான்.

மாணாக்கர் கையாற் பெரிய காரியம் ஆகுமோ என்னும் ஐயத்துக்கு வாட்டர்லூவிலேயே விடை உண்டு. 1965 ஆம் ஆண்டில் அங்கு ஐ. பி. எம். 7040 என்னும் கணினி இருந்தது. மாணாக்கர் போட்ரான் மொழியில் எழுதும் சிறு சிறு செய்நிரல்களை இயந்திர மொழிக்குப் பெயர்க்கவே அதிக நேரம் சென்றது; பிழை நேர்ந்தால் அதனைத் தெளிவாகச் சுட்டுவாரும் இல்லை. அவ்வாண்டுக் கோடையில் இளங்கலை மாணாக்கர் நால்வர், வழிகாட்டி ஒருவரின் மேற்பார்வையில், விரைந்து பெயர்த்துப் பிழைகளையும் விளங்கச் சுட்டும் புதிய பெயர்ப்பியை எழுதினர். 'வாட்போர்' என்பது அதன் பெயர். அது பிற பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. இவ்வேலை வெளிக் கம்பனி ஒன்றிலன்றிப் பல்கலைக்கழகக் கணினி நிலையத்துள்ளேயே நடந்தது என்பது உண்மை. எனினும் அவர்கள் செய்தது புள்ளிக்காகக் கொடுத்த பயிற்சிக் கணக்கன்று. வரிசையில் நின்ற சகமாணாக்கருக்கு மறுநாளே வேண்டிய பொருள். அந்த வேறுபாடே எல்லாம்.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். நன்னூற் பாயிரத்திலே பவணந்தி முனிவர் கல்வியை நான்கு கூறாக வகுத்து ஒரு கணக்குச் சொல்கின்றார். ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு செவ்வையாகக் கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது காற்கூறு. அக்கல்வியில் ஈடுபட்டாரோடு கலந்து பயில்வதால் வருவது மற்றொரு காற்கூறு. எஞ்சிய பாதி பிறர்க்கு எடுத்துரைப்பதால் வருவது. நூற்றுக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இதனை எழுதிய முனிவர், தம் தொழிலாகிய ஆசிரியத்துக்குக் காற்கூறே ஒதுக்கினார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு முறுவல் தோன்றும். உ. வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் 1871 முதல் அவர் மறைந்த 1876 வரை இருந்து கற்றார். பாடங்கேட்டது மாத்திரமோ? ஆசிரியர் செய்யுள் சொல்லச் சொல்ல உடனிருந்து எழுதினார். நூல் பிறக்கும் இடத்தில் அவர் இருந்தார்.

மாறிமாறிச் செல்லும் முறையைச் சிறந்ததென யான் கூறியதும் நன்னூற் கணக்கை எண்ணியே. தொழிற்களத்திலிருந்து மீள்பவனிடம் எடுத்துரைக்க ஏதோ ஒன்று இருக்கின்றது. கேட்க வினாவும் இருக்கின்றது. பெருந்தரவுக் களஞ்சியத்தில் ஒரு பெயரைத் தேட ஏன் இத்துணை நேரம் செல்கின்றது என்று கந்தோரில் இரவு முழுவதும் இடர்ப்பட்டவன், சுட்டியமைப்பைப் பற்றிய பாடத்தைப் பிறகு வகுப்பிற் கேட்கும்போது வேறு செவியோடு கேட்கின்றான். கல்வி முடிந்தபின் ஒரேயடியாகத் தொழிலுக்குச் செல்பவனுக்கு மீண்டு வந்து கேட்க வகுப்பு இல்லை.

எதிர்க்கட்சியாரின் கூற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. 'பல்கலைக்கழகம் ஆள் பிடிக்கும் சந்தையாகிவிடும்' என்பர். வாட்டர்லூ மாணாக்கர் பரீட்சைக்குப் படிக்கும் தவணையிலேயே அடுத்த வேலைக்கு விண்ணப்பம் எழுதி நேர்முகத்துக்கும் ஓடுகின்றனர். அநுபவம் இல்லாதவனுக்கு முதலிடம் கிடைத்தலே அரிது. அநுபவமோ முதலிடம் கிடைத்தாலன்றி வாராது. நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஊரும் அறையும் மாறும், நட்புச் சிதறும், நீண்ட விடுமுறை என்பது இல்லை. கம்பனிக்கு வேண்டியது இவ்வாண்டின் கருவி. பல்கலைக்கழகம் கற்பிக்க வேண்டியது நாற்பது ஆண்டு நிலைக்கும் கணிதம். இவையெல்லாம் மெய்யே. அன்றியும், காலம் நீண்டால் மாத்திரம் போதாது. ஒரே பொத்தானை அழுத்தி அழுத்திச் சோதிக்கும் வேலையில் ஓர் ஆண்டு இருத்தியவனுக்கு ஒரு மாதக் கல்வியே பன்னிரு முறை கிட்டியது. ஆகையால் மாணாக்கனை அனுப்பிவிட்டுக் கைகழுவும் ஆசிரியரே என் குற்றச்சாட்டுக்கு உரியவர், அனுப்புதல் அன்று. அவன் என்ன வேலை செய்கின்றான், யார் அவன் எழுதியதை வாசிக்கின்றார் என்று கேட்டறிதல் பாடங்கற்பித்தலின் ஒரு பகுதியே.

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிற் கணினி கற்போர்க்கு இத்தொழிற்பயிற்சி பெரும்பாலும் ஆறு மாதம், ஒரே முறை. வடக்கிலுள்ள பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் கொழும்புப் பயணமாகவே முடிகின்றது. என் பழைய மாணாக்கர் ஒருவரின் மகள் யாழ்ப்பாணத்திற் கணினி விஞ்ஞானம் கற்கின்றாள். "ஐயா, ஆறு மாதம் வெள்ளவத்தையில் அறை வாடகை, சாப்பாடு, போக்குவரவு, அவர்கள் கொடுக்கும் படி பாதிக்குங் காணாது. இங்கே படிக்கிறதை அங்கே போய் என்னத்தைப் புதிதாகப் படிக்கப் போகிறாள்?" என்று தந்தை என்னிடம் வந்து கேட்டார். அவர் வினாவின் முற்பகுதிக்கு என்னிடம் விடை இல்லை. இருக்க வேண்டியது பல்கலைக்கழகத்திடமும் அரசாங்கத்திடமும். செலவைத் தாங்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கு ஆறு மாதப் பயிற்சி ஆறு மாதக் கடனாகின்றது. "தம்பி, பிள்ளையை விடும்; காணாததை நாங்கள் நாலு பேர் சேர்ந்து பார்ப்போம்" என்றேன்.

அவள் சென்ற நிலையத்தில் பற்றுச்சீட்டு அச்சிடும் செய்நிரல் ஒன்று இருந்தது. தமிழ்ப் பெயர்கள் சில அதிற் கடைசிப் புள்ளியின்றி அச்சாயின. பாலசுப்பிரமணியம் என்பவர் 'பாலசுப்பிரமணியம' ஆனார். தமிழ் வாசிப்பார் அங்கு அவளையன்றி ஒருவரும் இல்லையாதலின் நெடுங்காலமாக அதனை யாரும் காணவில்லை. காரணங் கண்டுபிடிக்க அவளுக்கு ஐந்து கிழமை சென்றது. பெயருக்குப் பதினைந்து இடமே ஒதுக்கப்பட்டிருந்தது. நம் இலக்கணப்படி அப்பெயரில் எழுத்துப் பத்து. கணினியின் யூனிக்கோட்டு முறைப்படியோ பதினாறு. 'ணி' என்பதில் ணகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டாகவும், 'ம்' என்பதில் மகரம் ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டாகவும் அது எண்ணும். பதினாறாவதாகிய புள்ளி வெட்டுண்டது. ஓரிடத்தில் திருத்தினாள், பிறிதோரிடத்தில் அதே பிழை தலைகாட்டியது. எல்லா இடத்தையும் தேடிச் செம்மையாக்கி முடித்தபோது ஐந்தாம் மாதம் ஆகியிருந்தது.

பயிற்சி அறிக்கையை அவள் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள். ஊருக்கு வந்தபோது, எங்கள் கல்லூரிப் பால பண்டித வகுப்பாருக்கு அதனைத் தமிழிலே எடுத்துரைக்கும்படி யான் வேண்டினேன். முதலிற் கூசினாள். பின்னர்க் கரும்பலகையில் எழுதி ஒரு மணி நேரம் விளக்கினாள். நம் இலக்கணத்தில் மெய்யோடு அகரம் சேர்ந்து ககரம் ஆகின்றது. இயந்திரத்திலோ ககரத்தோடு புள்ளி சேர்ந்து மெய் ஆகின்றது என்று அவள் சொன்னதும் வகுப்புச் சலசலத்தது. "அக்கா, அப்படியானால் இயந்திரத்துக்கு மெய் முதலா, உயிர்மெய் முதலா?" என்று பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான். அவள் சிறிது நேரம் பலகையையே பார்த்து நின்றாள். "இதை அங்கே ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை" என்றாள். பின் சுண்ணக்கட்டியை எடுத்து மீண்டும் முதலிலிருந்து எழுதத் தொடங்கினாள்.